சோலைமந்தியும் காப்பித் துருவும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மட்டுமே வாழும் சோலைமந்தியும் காப்பிச் செடியின் இலையில் மட்டுமே வாழும் துருப் பூசணமும் உயிரியல் நூல்களில் ஒரே பக்கத்தில் இடம்பெறுவதில்லை. முன்னது, அழிந்துவிடக் கூடாதென்று வனவிலங்குச் சட்டம் காத்துவரும் பாலூட்டி. பின்னது, ஒழிந்தால் போதுமென்று நூற்றாண்டுக்கு மேலாக மருந்தடிக்கப்பட்டுவரும் நோய். ஆயினும், 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மலைகள் தோட்டங்களாக மாறிய வரலாற்றைத் தொடர்ந்து படித்துவருபவருக்கு, மந்தி குறைந்ததற்கும் துரு பெருகியதற்கும் வேர்க்காரணம் ஒன்றே என்பது புலப்படாமல் போகாது. பல நூறு மரவகைகள் கிளையோடு கிளை கோத்து நின்ற காட்டின் தொடர்ச்சி அறுபட்டதும், அதே நிலத்தில் ஒரே செடியின் தொடர்ச்சி உண்டாக்கப்பட்டதும்தான் அந்தக் காரணம்.

சிங்கவால் குரங்கு என்றும் அழைக்கப்படும் சோலைமந்திக்கு உடல் முழுதும் கருமயிர். முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி. வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல் ஒரு குஞ்சம். லின்னேயஸ் 1758இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது இது இலங்கையைச் சேர்ந்ததென்றே கருதினார். இலங்கையில் இந்த இனம் அறவே இல்லை என்பது தெளிவான பிறகும், அத்தவறு சில ஐரோப்பிய நூல்களில் நெடுங்காலம் நீடித்தது. தெற்கே களக்காட்டு மலை தொடங்கி வடக்கே கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டம் வரை, தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் பசுமைமாறாக் காடுகளில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதே இதன் வாழிடம்; காட்டில் எஞ்சியிருப்பவை மொத்தம் ஏறத்தாழ 4,000 என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. இயல்பான காட்டில் இது தரையில் இறங்குவது அரிது. வெடிப்பலாவின் முள் தோலைப் பிளந்து விதையை எடுப்பதும், கனிகளைக் கன்னப் பைகளில் அடக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குத் தாவுவதும், பட்டையைப் புரட்டிப் பூச்சிகளைத் தேடுவதும் எல்லாமே உயர்ந்த மரங்களின் உச்சிக் கிளைகள் ஒன்றோடொன்று பின்னி உண்டாக்கும் விதானம் என்னும் மேற்கூரையில்தான் நடக்கின்றன. விதானம் எங்கே முடிகிறதோ அங்கே இதன் உலகமும் முடிகிறது. பெண் மந்தி ஒரு முறைக்கு ஒரு குட்டியே ஈனும். அடுத்த ஈற்றுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு கூட்டத்தில் நேர்ந்த இழப்பு ஈடாவதற்கு ஒரு தலைமுறைக் காலம் தேவைப்படுகிறது.

துருப் பூசணத்தின் பிழைப்பும் இதே அளவுக்குக் குறுகியதுதான். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிடப்பட்ட இந்தப் பூசணம் உயிருள்ள காப்பி இலையைத் தவிர வேறெதிலும் வளராத முழு ஒட்டுண்ணி. இலை செத்தால் அதுவும் சாகும். பிற துருப் பூசணங்கள் பல தம் வாழ்வின் ஒரு பகுதியை வேறொரு செடியில் கழிப்பதுண்டு. காப்பித் துருவுக்கு அத்தகைய இரண்டாம் செடி எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. நோயுற்ற இலையின் மேற்புறம் மங்கலான மஞ்சள் பொட்டுகளாகத் தெரியும். இலையைத் திருப்பினால் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் தூள் படர்ந்திருக்கும். விரலால் தடவினால் மஞ்சள்பொடி தொட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து, அதாவது பூசணம் இனம் பெருக்க உதிர்க்கும் நுண்ணணு. ஒரே பொட்டிலிருந்து சில மாதங்களுக்குள் லட்சக்கணக்கான வித்துகள் உதிர்கின்றன. காற்றிலும் மழைத்துளியிலும் ஆளின் சட்டையிலும் ஏறிச் செல்லும் அவற்றில் ஒன்று ஈரமான இலையின் அடியில் விழுந்தால், ஓரிரு நாளில் முளைத்து, இலை மூச்சுவிடும் நுண்துளை வழியே உள்ளே நுழைகிறது. சில வாரங்களில் அந்த இலையிலும் புதுத் தூள் கிளம்புகிறது. இலையை உதிர்த்த செடி அடுத்த பருவத்துக் காய்ப்புக்கு வேண்டிய வலுவை இழந்து, கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது.

ஆக, இரண்டுமே ஒரே வகை வாழிடத்தைச் சார்ந்து பழகியவை, அது தொடர்ந்து நீண்டிருந்தால் மட்டுமே பரவக்கூடியவை. ஆப்பிரிக்கக் காடுகளில் மற்ற மரங்களின் நிழலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற காட்டுக் காப்பிச் செடிகளில் இந்தத் துரு இருந்துவந்தபோது, பெரும்பாலான வித்துகள் வேறு மரங்களின் இலைகளில் விழுந்து வீணாயின. அங்கே அது ஊரறியாத சிறு பூசணம். அதை உலகறிந்த நோயாக்கியவை ஆசியாவின் மலைத்தோட்டங்களே.

இலங்கையின் கண்டி மலைநாட்டில் ஆங்கில அரசு 1840இல் கொண்டுவந்த 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசுக்குரியவை என்று அறிவித்தது. அவ்வாறு அரசுடைமையான காடு ஏக்கர் ஐந்து ஷில்லிங் வீதம் விற்கப்பட்டது. வாங்கியவர்களுள் ஆளுநர்களும் படை அதிகாரிகளும் அரசு உத்தியோகத்தர்களும் இருந்தனர். காட்டை அழித்த முறையே ஒரு தொழில்நுட்பமாக இருந்தது: சரிவின் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி வரிசையாக மரங்களைப் பாதிவரை மட்டும் வெட்டிக்கொண்டே போய், உச்சி வரிசையை முழுதும் வெட்டிச் சாய்க்க, அது அடுத்த வரிசையின் மேல் விழுந்து, அதுவும் அதற்கடுத்ததைத் தள்ள, சில நிமிடங்களில் முழு மலைச்சரிவும் இரைச்சலோடு கீழே சரிந்தது. சில வாரங்கள் காயவிட்டுத் தீ வைத்தபின், கரிக்கட்டைகளுக்கிடையே கயிறு பிடித்து முளைக்குச்சி அடித்து, குழி தோண்டி, காப்பி நடப்பட்டது. சோலைமந்தி அங்கே இல்லை என்றாலும், இலங்கைக்கே உரிய ஊதாமுக மந்தி உள்ளிட்ட பல உயிர்களின் விதானம் இவ்வாறுதான் ஒரு தலைமுறைக்குள் தரையிறங்கியது.

குழி தோண்டியவர்களும் பழம் பறித்தவர்களும் பெரும்பாலும் ராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் திரட்டிச் சென்ற தமிழர்கள். கடல் கடந்து மன்னாரில் இறங்கி, நீரில்லாத காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்த அப்பயணத்தில் காலராவுக்கும் பட்டினிக்கும் இறந்தவர்கள் ஏராளம். காப்பி பருவப் பயிர் ஆதலால், பறிப்புக் காலம் முடிந்ததும் பெரும்பகுதியினர் ஊர் திரும்பினர். அந்தத் தோட்ட வாழ்வைப் பாட்டில் வைத்த ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வெளிவந்தது; கோப்பி விவசாயத்தைப் போற்றிய அந்நூல் வந்த அதே ஆண்டில், மடுல்சீமைப் பகுதியின் ஒரு தோட்டத்தில் சில செடிகளின் இலைகளில் ஆரஞ்சுத் தூள் தென்பட்டது.

பேரதெனியத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராயிருந்த துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்து, இது அறிவியலுக்குப் புதிய பூசணம் என்று அவ்வாண்டு இறுதியிலேயே பெயரிட்டவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற பாதிரியார். அயர்லாந்தில் 1840களில் உருளைக்கிழங்குப் பயிரை அழித்த நோய்க்குப் பூசணமே காரணம் என்று, அறிஞர் பலர் நகைத்தபோதும் வாதாடியவரும் அவர்தான். தோட்டத்துரைமார் அப்போது பெரிதாகக் கலங்கவில்லை. 1870களில் காப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால், குறைந்த விளைச்சலைப் புது நிலத்தால் ஈடுகட்டினர். நோய் பரவிக்கொண்டிருந்த காலத்திலேயே மேலும் மேலும் காடு வெட்டப்பட்டு, 1878ஆம் ஆண்டளவில் காப்பிப் பரப்பு சுமார் 2,75,000 ஏக்கரைத் தொட்டது. வித்துகளுக்கு வேண்டிய இலையைத் துரைமாரே முந்திச் சென்று நட்டுக்கொடுத்தனர் என்று சொல்வது மிகையாகாது.

வானிலையையும் மண்ணையும் ஆண்டவனையும் குறைசொல்லி ஓய்ந்தபின், அரசு 1880இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இருபத்தாறு வயதுத் தாவரவியலாளரை வரவழைத்தது. அவர் கிளிசரின் தடவிய கண்ணாடிச் சில்லுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்றில் மிதந்துவந்து அவற்றில் ஒட்டிய வித்துகளை நுண்ணோக்கியில் பார்த்தார். நலமுள்ள இலைகளில் வித்துகளை வைத்து, துளி ஈரம் இருந்தால்தான் அவை முளைக்கும் என்றும், முளை இலைத்துளை வழியே நுழைகிறது என்றும் படிப்படியாக நிறுவினார். நோய் மண்ணிலிருந்தோ செடியின் முதுமையிலிருந்தோ வருகிறது என்ற பேச்சுக்கு அத்துடன் இடமில்லாது போயிற்று. அவர் அறிக்கையில் இன்றும் பயன்படக்கூடிய பகுதி மருந்து பற்றியதன்று; மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே செடியை நட்டதால் பூசணத்துக்கு அளவற்ற உணவும், காற்றுக்குத் தடையற்ற வழியும் கிடைத்தன என்பதை அவர் எடுத்துக்காட்டிய பகுதிதான். தோட்டங்களுக்கிடையே காற்றைத் தடுக்கும் மரவரிசைகளை விட்டுவைக்க வேண்டும் என்றார். அதைக் கேட்கும் நிலையில் அப்போது யாரும் இல்லை; வெட்டிய காட்டைத் திரும்ப நிறுத்தவும் வழியில்லை. 1882இல் அவர் ஊர் திரும்பினார்.

இரண்டே ஆண்டுகளில், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி கவிழ்ந்தது. ஏற்றுமதி பழைய அளவின் சிறு பகுதியாகச் சுருங்கியது. செத்த காப்பி மரங்களின் அடிக்கட்டைகள் பட்டை உரித்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே சோதனையாக நட்டிருந்த தேயிலை, 1890களின் நடுவில் 3 லட்சம் ஏக்கரைக் கடந்தது. கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டியது. ஆகவே பருவத்துக்கு வந்துபோன தமிழ்க் குடும்பங்கள் லயங்கள் எனப்பட்ட தோட்டத்து வரிசை வீடுகளில் நிலையாகக் குடியமர வேண்டியதாயிற்று. மலையகத் தமிழர் என்ற சமூகம் உருவானதற்குப் பல காரணங்கள் உண்டெனினும், அவற்றுள் ஓர் இலைப் பூசணத்துக்கும் இடமுண்டு என்பதை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு அழுத்திச் சொன்னதில்லை.

தென்னிந்தியாவுக்குத் துரு வந்துசேர அதிக காலம் பிடிக்கவில்லை. 1870களில் மைசூர், குடகு, வயநாடு, நீலகிரித் தோட்டங்களில் அது பரவியிருந்தது. பாபா பூதன் யேமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்ற மரபுக்கதையோடு தொடங்கும் இந்தியக் காப்பியின் பாதை இலங்கையினதிலிருந்து ஓரளவு விலகியது. தண்டு துளைக்கும் வெள்ளைத் துளைப்பான் என்ற வண்டு திறந்த வெயிலில் நின்ற செடிகளையே மிகுதியாகத் தாக்கியதைக் கண்ட மைசூர், குடகுத் தோட்டக்காரர்கள், காட்டு மரங்களை முழுதும் வெட்டாமல் நிழலுக்கு விட்டுவைத்து, அவற்றின் கீழே காப்பி வளர்க்கும் முறைக்குத் திரும்பினர். நீலகிரியிலும் வயநாட்டிலும் பல தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. இந்த வேறுபாடு அன்று வெறும் சாகுபடி முறையின் வேறுபாடாகவே தோன்றியிருக்கும். சோலைமந்தியின் வரலாற்றில் அது பெரிய வேறுபாடாக முடிந்தது. நிழல்மரத்துக் காப்பித் தோட்டத்துக்கு மேலே ஏதோ ஒரு விதானம் எஞ்சுகிறது. இடுப்பளவுக்கு வெட்டிச் சமன்படுத்திய தேயிலைக்கு மேலே வானமே எஞ்சுகிறது.

துருவை எதிர்கொள்ள 1925இல் சிக்கமகளூர் மாவட்டத்துப் பாலெஹொன்னூரில் காப்பி ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. மைசூர் அரசின் வேளாண் இயக்குநராயிருந்த கனடா நாட்டவர் லெஸ்லி கோல்மன் அதற்குக் காரணமானவர். அங்கு 1930களில் பணியாற்றிய மேய்ன், ஒரே தோற்றமுடைய துருவுக்குள் வெவ்வேறு இனவகைகள் உண்டென்றும், ஒரு வகைக்கு ஈடுகொடுக்கும் செடி மற்றொரு வகைக்கு இரையாகலாம் என்றும் கண்டார். நோய் தாங்கும் செடி என்று மைசூரில் ஒரு தோட்டக்காரர் தேர்ந்தெடுத்த 'கெண்ட்' வகை சில பத்தாண்டுகளில் ஏன் தளர்ந்தது என்பதற்கு அதில் விடை கிடைத்தது. 'கெண்ட்' வகையையும் லைபீரியக் காப்பியின் கலப்பு கொண்ட மற்றொரு வகையையும் சேர்த்து உருவாக்கிய எஸ்.795, 1940களில் தோட்டங்களுக்கு வழங்கப்பட்டு இன்றும் பயிரிடப்படுகிறது. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்த போர்டோ கலவையைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் இலையடியில் படுமாறு தெளிப்பது அரபிகாத் தோட்டங்களில் ஆண்டு வழக்கமாயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் துரு ஒழிந்துவிடவில்லை. 1970இல் பிரேசிலை எட்டிய அது, 2012-13இல் நடு அமெரிக்கத் தோட்டங்களில் பேரழிவு விளைவித்தது.

குரங்கின் வரலாற்றுக்கு வந்தால், இத்தகைய ஆராய்ச்சி நிலையமோ ஆண்டுதோறும் மருந்தோ அதற்கு வாய்க்கவில்லை. ஆனைமலையின் மேல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் வால்பாறைப் பீடபூமி, 1890கள் முதல் நாற்பது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டமாகவும் பிறகு பெரும்பாலும் தேயிலைத் தோட்டமாகவும் மாற்றப்பட்டது. சமவெளியிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்தவர்களின் உழைப்பில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் நிலம் பச்சைக் கம்பளமானது. சரிவு அதிகமானதாலோ, விறகுக்கும் நீருக்கும் தேவைப்பட்டதாலோ விடுபட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட காட்டுத் துண்டுகள் தேயிலைக்கு நடுவே தீவுகளாகத் தங்கின. அந்தத் தீவுகளில் சிக்கிய மந்திக் கூட்டங்களுக்கு, ஒரு கிலோமீட்டர் தேயிலையைக் கடப்பது கடலைக் கடப்பதற்கு ஒப்பாயிற்று. வயதுக்கு வந்த ஆண் மந்திகள் கூட்டம் விட்டுக் கூட்டம் மாறிச் செல்வதுதான் இவ்வினத்தில் இரத்தக் கலப்பைக் காத்துவந்த ஏற்பாடு. வழி அடைபட்டபோது அது நின்றது.

வால்பாறை ஊரை ஒட்டியே கிடக்கும் புதுத்தோட்டம் இதில் தனிக் கவனத்துக்குரியது. நூறு ஹெக்டேருக்கும் குறைவான இந்தத் துண்டுக் காட்டின் அடியில் ஒருகாலத்தில் காப்பியும் ஏலமும் நடப்பட்டன. உயர்ந்த காட்டு மரங்கள் பல நிழலுக்காக நின்றன. போதாத இடத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீசாப்சிஸ் போன்ற மரங்கள் சேர்க்கப்பட்டன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட சோலைமந்திகள் இங்கும் சுற்றுப்புறத்திலும் வாழ்கின்றன. மைசூர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேவா சிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இவற்றைப் பின்தொடர்ந்து பதிவுசெய்துள்ளனர். மீசாப்சிஸ் கனியும் பலாவும் காப்பிப் பழமும் இவற்றின் உணவில் இடம்பிடித்துவிட்டன. தரையில் இறங்காத இனம் என்று நூல்கள் எழுதிய குரங்கு, இங்கே தார்ச்சாலையைக் குறுக்கே நடந்து கடக்கிறது, லயத்துக் கூரைமேல் உட்கார்கிறது, சன்னல் வழியே சமையற்கட்டுக்குள் நுழைந்து அரிசிப் பானையைத் துழாவுகிறது. வண்டியில் அடிபட்டும் மின்கம்பியில் பட்டும் சாவதும் நடக்கிறது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டப்பட்ட தொங்குபாலங்களை மந்திகள் பயன்படுத்தப் பழகியிருக்கின்றன என்பது ஆறுதல்.

காப்பித் தோட்டமாக இருந்ததால் புதுத்தோட்டத்தின் மந்திகள் தப்பின என்று முடிவுகட்டுவது அவசரமாகும். எண்ணிக்கை பெருகியது உண்மையே; ஆனால் பெருகியவை வெளியேற வழியின்றி ஒரே இடத்தில் நெரிகின்றன. தொடர்ச்சியான காடு எதைச் செய்யுமோ அதைத் துண்டுக் காடு சில காலத்துக்கு நடித்துக் காட்டுகிறது என்பதே சரியான கூற்று.

இந்தக் குரங்குக்கு அரசியலில் கிடைத்த ஒரே பெருவெற்றி ஆனைமலையில் நிகழ்ந்ததன்று. ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970களில் களக்காட்டுப் பகுதியில் செய்த ஆய்வு, எஞ்சியுள்ளவை மிகச் சில என்று எச்சரித்தது. 1976இல் களக்காடு சரணாலயமாயிற்று. அதே காலத்தில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே மின்திட்ட அணை கட்டும் முயற்சி எழ, ஆசிரியர்களும் கவிஞர்களும் அறிவியல் இயக்கத்தாரும் சேர்ந்து நடத்திய எதிர்ப்பில் சோலைமந்தியின் முகமே அடையாளமாயிற்று. திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது.

துருவுக்கும் மந்திக்கும் இடையிலான கணக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. துருவை எளிதில் தாங்குவதாலும் விளைச்சல் மிகுவதாலும் ரொபஸ்டா காப்பி இந்தியாவில் அரபிகாவைப் பின்தள்ளி, இன்று நாட்டு விளைச்சலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிடித்துவிட்டது. ரொபஸ்டாவுக்கு நிழல் குறைவாகவே தேவை என்பதால் நிழல்மரங்கள் கழிக்கப்படுகின்றன. காட்டு மரத்தை வெட்டி விற்கத் தடைகள் பல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்குக்கு அவை இல்லை, நேராக வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், பலகைக்கும் போகும். ஆகவே பல தோட்டங்களில் பழமரங்கள் விழ விழச் சில்வர் ஓக் வரிசைகள் எழுகின்றன. அதன் கிளையில் மந்திக்குத் தின்னத்தக்க பழம் எதுவும் இல்லை. நடு அமெரிக்காவிலும் துருவுக்கு அஞ்சி நிழல்மரங்களை அகற்றிய காலம் ஒன்று 1970களின் இறுதியில் தொடங்கியது. மரம் அகற்றியதால் துரு அங்கே ஒழிந்ததாகச் சொல்ல 2012-13இன் அழிவு இடம் தரவில்லை.

தோட்டம் வைத்திருப்பவர்கள் சில்வர் ஓக்கை இனியும் நீட்டாமல், விழுந்த ஒவ்வொரு நிழல்மரத்தின் குழியிலும் வெடிப்பலாவோ நாங்கோ பலாவோ நட்டு, காட்டுத் துண்டுகளுக்கிடையே விதானம் மீண்டும் கைகோக்க வழிசெய்ய வேண்டும். அதற்கான நாற்றுகளைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டி மழைக்காட்டு மீட்புப் பணி தொடங்கிய வால்பாறையிலேயே அவை நாற்றங்காலில் வளர்க்கப்படுகின்றன.